உமரித்திட்டுக்குப் போன குதிரைகள்

முனியன் குட்டையைச் சுற்றிலும் குளம்படிகள் இருந்தன. குதிரைகள் இல்லை.

கோடியக்காட்டின் மேற்கு ஓரத்தில், மணல் திடலுக்கும் உப்புச் சதுப்புக்கும் நடுவே கிடக்கும் நல்ல தண்ணீர்க் குட்டை அது. சித்திரை வெயிலில் காட்டின் மற்றக் குட்டைகளெல்லாம் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. இதில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரவில் ஊர் மாடுகள் புகுந்து கலக்கிவிடக் கூடாதென்று சுற்றிலும் முள்வேலி அடைத்து, ஒரே ஒரு மூங்கில் படல் வைத்திருந்தார்கள். விடிந்ததும் படலைத் திறப்பதும் பொழுது சாய்ந்ததும் சாத்துவதும் காவலாள் பக்கிரிசாமியின் வேலை. தினமும் உச்சிவேளைக்குக் காட்டுக்குதிரைகள் வரிசையாக வந்து குடித்துவிட்டுப் போகும்.

அந்தப் புதன்கிழமை காலை பக்கிரிசாமி படலுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“திங்கக்கெழம விடியக்காலம் நாந்தான் தொறந்தேன் மேடம். தெக்க காட்டுல தீப்புடிச்சிருச்சுன்னு கூப்புட்டாங்க, ஓடிட்டேன். ஆட்டுக்காரர்ட்ட சாயங்காலம் படலச் சாத்திருங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். சாத்தச் சொன்னேன். மறுநாள் தொறக்கச் சொல்லல. நேத்து சாயங்காலம் வந்து பாக்குறேன், படல் கட்டிக் கெடக்கு. உள்ள தண்ணி இருக்கு, வெளிய ஒண்ணையும் காணும்.”

அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் பூங்கோதை. மன்னார்குடிக்காரி. காட்டுக்குதிரைகள் எந்தப் பருவத்தில் எதைத் தின்கின்றன என்று ஆராய்வதற்காக மாசியிலிருந்து இங்கே தங்கியிருக்கிறாள். குதிரை லத்தியை உடைத்து, அதிலிருக்கும் புல்லையும் விதையையும் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. ஊரில் அவளுக்கு ‘லத்திப் பொண்ணு’ என்றே பெயர்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை படலைச் சாத்தியது ஆட்டுக்காரர் இல்லை. அவள்தான். பக்கிரிசாமி திறந்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்திலேயே வந்தாள். கரையில் கேமரா பொருத்தும் வரை எதுவும் குறுக்கே வராமலிருக்கட்டும் என்று படலை இழுத்துக் கட்டினாள். பாதி வேலையில் பேராசிரியர் போனில் கூப்பிட்டார், உடனே தஞ்சாவூர் வரச் சொன்னார். பஸ்ஸுக்கு ஓடினாள். வேலியின் பின்பக்கத்தில் ஆள் மட்டும் நுழையும் சந்து வழியாகக் குறுக்கே ஓடினாள். படலின் நினைவே வரவில்லை. நேற்று இரவு திரும்பி வந்து படுத்தவளுக்கு, காலையில் பக்கிரிசாமி ‘படல் கட்டிக் கிடந்தது’ என்று சொன்ன நொடியில்தான் வந்தது.

வனத்துறை ரேஞ்சர் போனில் பேசியதை அவளும் கேட்டாள். “இன்னைக்குப் பொழுதுக்குள்ள மந்தை எங்க இருக்குன்னு தெரியணும் பக்கிரி. ஒண்ணு ரெண்டு செத்துக் கெடந்தா உன் வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.”

பக்கிரிசாமியின் தங்கை செல்லக்கிளியும் வந்திருந்தாள். சதுப்பில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். சேற்றில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் இடுப்பு வரை போகும் என்பது அவளுக்குத் தெரியும். “உக்காந்துருந்தா குதிர வந்துருமா? எந்தப் பக்கம் போறதுன்னு சொல்லு” என்றாள் அண்ணனிடம்.

பக்கிரிசாமி மணலில் விரலால் கோடு போட்டான். “திங்க மத்தியானம் படல் தொறந்துதான் இருந்துருக்கும். குடிச்சிருக்கும். செவ்வா மத்தியானம் வந்து பாத்துட்டு, தண்ணி இல்லன்னு கெளம்பிருக்கும். நான் சாயங்காலம் வந்தப்பவே காணும். செவ்வா பகல் பூரா காத்து. கடத்தண்ணி சதுப்புல ஏறிக் கெடந்துச்சு. அதனால மேக்க போயிருக்க வழியில்ல. கெழக்கதான். மணல்மேட்டுப் பக்கம்.”

கணக்கு சரி. அதன் முதல் வரிதான் தப்பு. அந்தத் தப்பு பூங்கோதைக்கு மட்டும் தெரியும்.

கிழக்கே கிடைத்துவிட்டால் சொல்லவேண்டிய தேவையே இருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தண்ணீர்க் கேன்களையும் கயிறையும் ஒரு தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள்.

கிழக்கே மணல்மேடுகள் வெயிலில் தகித்தன. சீமைக்கருவேல மரங்களின் அடியில் பழுத்த காய்கள் உதிர்ந்து கிடந்தன. புல் காய்ந்துபோகும் மாதங்களில் குதிரைகளுக்கு இந்த இனிப்புக் காய்தான் பெரிய ஆகாரம். மந்தை இந்த வழியாக வந்திருந்தால் காய்களை இப்படி விட்டுவைத்திருக்காது. பூங்கோதை அதைப் பார்த்தாள். பேசாமல் நடந்தாள்.

முன்னால் போன பக்கிரிசாமி ஓரிடத்தில் நின்றான். பாதையோரம் ஒரு பெரிய லத்திக் குவியல்.

“கறுப்பனோடதுதான்” என்றான். மந்தையின் ஆண் குதிரைக்கு அவன் வைத்த பெயர் கறுப்பன். ஆண் குதிரை கண்ட இடத்தில் போடாது. தன் வழியில் நாலைந்து இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் முகர்ந்து பார்த்து அதே குவியலின்மேல் போட்டுவிட்டுப் போகும். மற்ற ஆண் குதிரைகளுக்கு அதுதான் எல்லைக் கல்.

பூங்கோதை குவியலின் மேலிருந்து ஓர் உருண்டையை எடுத்து உடைத்தாள். நடுப்பகுதி வரை காய்ந்து நாராகியிருந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. செவ்வாய்க்கிழமை கறுப்பன் இந்த வழியாக வரவில்லை. வந்திருந்தால் இதைத் தாண்டிப் போயிருக்கவே மாட்டான்.

“என்னா சொல்லுது?” என்று கேட்டாள் செல்லக்கிளி.

“பழசு மாதிரி இருக்கு.”

“வெயில்ல சீக்கிரம் காஞ்சிருக்கும்” என்றான் பக்கிரிசாமி. “இன்னும் கொஞ்சம் போனா கெடைக்கும். வாங்க.”

அவன் பையிலிருந்த கேனைத் திறக்கவே இல்லை என்பதை அப்போதுதான் பூங்கோதை கவனித்தாள். உதடு வெடித்திருந்தது. “தண்ணி குடிங்கண்ணே” என்றாள்.

“குதிரைவோ குடிக்கட்டும் மேடம். அப்பறம் நான் குடிக்கிறேன்.” கொஞ்சதூரம் நடந்த பிறகு, தன்னோடேயே பேசுகிறவன்போலச் சொன்னான்: “மூத்த பெட்ட செம்பட்டைக்குக் குட்டி பொறந்து ஒரு மாசங்கூட ஆவல. தாய்க்குத் தண்ணி இல்லன்னா பாலு எங்கேர்ந்து வரும்? ஒரு வார்த்த, மறுநா தொறந்துருங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா…” தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான்.

பூங்கோதையின் கால் நின்றுவிட்டது.

“அண்ணே, கெழக்க இல்ல.”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆட்டுக்காரர் சாத்தல. நான்தான் சாத்தினேன். திங்கக்கிழமை காலையில, நீங்க திறந்துட்டுப் போனதும். கேமரா வைக்கறதுக்காகக் கட்டினேன். போன் வந்துச்சு, அப்படியே பஸ் ஏறிட்டேன். அவுக்கணும்னே தோணல.”

செல்லக்கிளிதான் முதலில் பேசினாள். குரல் உயரவில்லை.

“காலையிலேர்ந்து எங்கண்ணன் தலையில அடிச்சிக்கிட்டு வர்றத பாத்துக்கிட்டேதான நீ பின்னாடி வந்தே?”

பூங்கோதை தலையாட்டினாள்.

“வேல போயிரும்னு அந்த ஆள் சொன்னதையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தே?”

அதற்கும் தலையாட்டினாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. விழவில்லை.

பக்கிரிசாமி மணலில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

“அப்ப திங்க மத்தியானமே அதுவோளுக்குத் தண்ணி கெடைக்கல. சாயங்காலம் வரைக்கும் படலுக்கு வெளிய நின்னுருக்கும். ராத்திரி காத்து வுழுந்ததும் சதுப்பு வடிஞ்சிருக்கும். செம்பட்ட மேக்க இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. அடியெல்லாம் செவ்வாக்கெழம தண்ணியில அழிஞ்சிருச்சு. செல்லம், சதுப்பு நடுவுல உமரித்திட்டுல தண்ணி உண்டா?”

“மணல நோண்டுனா ஊறும். நாங்க எறாலுக்குப் போறப்ப அதத்தான் குடிப்போம். ஒரு கொடம் தேறும். ஒரு மந்தைக்கு எங்க காணும்?”

“நட” என்றான் பக்கிரிசாமி.

வந்த வழியெல்லாம் திரும்ப ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். குட்டையைத் தாண்டும்போது பக்கிரிசாமி படலைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுப் போனான். காலை முழுதும் வீணாகியிருந்தது. அந்தக் காலையும் தன்னுடைய கணக்கில்தான் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது.

சதுப்பின் விளிம்பில் செல்லக்கிளி புடவையை வரிந்து கட்டினாள். “என் அடியில அடி வையி. உமரிச் செடி இருக்குற எடத்துல மண்ணு கெட்டி. உப்புப் பூத்துப் பளபளன்னு அழகா இருக்கும் பாரு, அங்க வச்சுறாத. உச்சி தாண்டுனா காத்து எழும்பும். காத்து எழும்புனா தண்ணி வந்துரும்.”

பாதி தூரத்தில் பருந்துகள் வட்டமிட்டன. அவற்றின் கீழே, உப்புப் பாளத்தின்மேல், ஓர் இளங்குதிரை விழுந்து கிடந்தது. பால்குடி மறந்து சில மாதங்களே ஆன ஆண் குட்டி. வாயோரத்தில் பச்சையாகச் செடியின் மிச்சம். பூங்கோதை மண்டியிட்டுப் பார்த்தாள். உமரி. உப்பே உருவான செடி. பசித்த குட்டி கிடைத்ததைத் தின்றிருக்கிறது. தின்னத் தின்னத் தாகம் கூடியிருக்கிறது.

அவள் எழுந்திருக்கவில்லை. பக்கிரிசாமி அருகில் வந்தான்.

“முந்துன வருசத்து மழைக்குப் பொறந்தது. எப்பவும் கடைசியா வரும்” என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னான்: “அழுவுறதுன்னா அப்பறம் அழுவுங்க மேடம். மத்ததுவோ உசுரோட இருக்கலாம்.”

உமரித்திட்டு சதுப்பின் நடுவே முதலை முதுகு அளவுக்கு உயர்ந்த மணல். நாலைந்து பனைமரம். அங்கே நின்றிருந்தன. எலும்பு தெரிய, தலை தொங்க, குதிரைகள். கறுப்பன் மட்டும் முன்னால் வந்து மூக்கால் உறுமிக் குளம்பால் மண்ணை அறைந்தான்.

“உக்காருங்க” என்றாள் பூங்கோதை. “கண்ணப் பாக்காதீங்க. நின்னா சண்டைக்கு வந்தோம்னு நினைப்பான்.”

மூவரும் உட்கார்ந்தார்கள். கறுப்பனின் காதுகள் பின்னால் படிந்திருந்தன. மெதுவாக நிமிர்ந்தன. அவனுக்குப் பின்னால் மணலில் ஆழமான குழிகள். முன்னங்காலால் குதிரைகளே தோண்டியவை. அடியில் ஈரம் மட்டும் மிச்சம்.

“ஊத்து வத்திருச்சு” என்றாள் செல்லக்கிளி. “பின்ன ஏன் இங்கயே நிக்கிது?”

“செம்பட்டையக் காணும்” என்றான் பக்கிரிசாமி.

மந்தைக்குக் காவல் கறுப்பன். ஆனால் எங்கே போவது, எப்போது போவது என்பதைத் தீர்மானிப்பது மூத்த பெட்டையான செம்பட்டைதான். அது நகராமல் மந்தை நகராது. பூங்கோதை கண்ணால் துழாவினாள். திட்டின் கிழக்குச் சரிவில் பிறந்து சில வாரமே ஆன ஒரு குட்டி தனியாக நின்றது. ஈரமாகக் கிடந்த லத்தியை மோந்து மோந்து தின்றுகொண்டிருந்தது.

“ஐய, சாணியத் தின்னுது” என்றாள் செல்லக்கிளி.

“தாயோடத எல்லாக் குட்டியும் தின்னும் அக்கா. புல்லு செரிக்கறதுக்கு வேண்டிய கிருமி அதுலேர்ந்துதான் குட்டி வயித்துக்குப் போகும்.” சொல்லிக்கொண்டே பூங்கோதை எழுந்துவிட்டாள். “ஈரமா இருக்கு. தாய் பக்கத்துலதான் இருக்கு.”

இருந்தது. சரிவுக்குக் கீழே, சேற்றில் வயிறு வரை. ஊற்று வற்றியதும் வேறு தண்ணீர் தேடி இறங்கியிருக்க வேண்டும். சுற்றிலும் சேறு உழுததுபோலக் கிடந்தது. இப்போது முயற்சியை விட்டுவிட்டு, கழுத்தைச் சேற்றின்மேல் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பனையோலைகள் சலசலத்தன. காற்று எழும்பிவிட்டது.

பூங்கோதை பையைப் போட்டுவிட்டுச் சேற்றில் கால் வைத்தாள். செல்லக்கிளி முடியைப் பிடிக்காத குறையாக இழுத்து நிறுத்தினாள். “நீயா எறங்குனா ஒன்னையும் சேத்து இழுக்கணும். படு. பாயப் போட்டு அதும்மேல படு. கால ஊனவே கூடாது. அண்ணே, அந்தக் கறுப்பன நீ பாத்துக்க.”

பக்கிரிசாமி பனமட்டை ஒன்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, சண்டைக்குப் போகாமலும் பின்வாங்காமலும் கறுப்பனுக்கும் சரிவுக்கும் நடுவே நின்றான். பெண்கள் இருவரும் தார்ப்பாயில் வயிற்றால் ஊர்ந்தார்கள். செம்பட்டையின் கண் வெள்ளை தெரிய உருண்டது. பல் தெரிந்தது. பூங்கோதை கேனிலிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நீட்டினாள். கடிக்கட்டும் என்றுதான் நீட்டினாள். அது நக்கியது. இன்னும் ஊற்றினாள். மூன்று பேரின் தண்ணீரும் தீர்ந்தது.

“இப்ப காலத் தேடு. எறால் தடவுற மாதிரி, காலோடயே கைய எறக்கு. குளம்புக்கு அடியில கைய வுட்டு வழி பண்ணு. தண்ணி உள்ள எறங்குனாத்தான் சேறு புடிய வுடும்.”

தோள் வரை கையை விட்டுத் தோண்டினார்கள். முன்னங்கால் ஒன்று ‘பொளக்’ என்று வந்தது. மேற்கிலிருந்து தண்ணீர் மெல்லிய தகடாக ஊர்ந்து வந்து பாயைத் தொட்டது. அடுத்த கால் வந்தது. பின்னங்கால்கள் ஆழத்தில் இருந்தன. தண்ணீர் முழங்கை அளவு ஏறியது. பூங்கோதை முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோண்டினாள். நகம் பிய்ந்தது. வாயில் உப்புச் சேறு.

“போதும், வெளிய வா, தண்ணி ஏறுது” என்று கத்தினான் பக்கிரிசாமி.

“இன்னும் ஒரு கால்தாண்ணே.”

“வா பொண்ணே” என்றாள் செல்லக்கிளி.

“நீங்க போங்க அக்கா.”

செல்லக்கிளி போகவில்லை. திட்டிக்கொண்டே மறுபக்கம் ஊர்ந்து வந்து கையை விட்டாள். வில்லங்கமாக வந்த அதே தண்ணீர்தான் கடைசியில் உதவியது. குழிக்குள் அது இறங்கியதும் சேறு இளகியது. செம்பட்டை ஒருமுறை உடம்பை முறுக்கி எம்பியது. அதன் தோள் மோதிப் பூங்கோதை தூரப் போய் விழுந்தாள். எழுந்து பார்க்கையில் குதிரை திட்டின்மேல் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. குட்டி அதன் மடியில் முட்டியது.

நேரமில்லை. தண்ணீர் இடுப்பளவுக்குப் போனால் குட்டிகள் கடக்க முடியாது. ஆனால் செம்பட்டை கிழக்கே முகம் திருப்பவில்லை. குட்டை அடைத்துக் கிடப்பதாகத்தான் அதற்கு நினைவு. அதை அந்த நினைவோடு அனுப்பியவள் பூங்கோதை. அவள்தான் வழி சொன்னாள்.

“குதிரைய ஓட்ட முடியாது அண்ணே. கறுப்பனத்தான் ஓட்ட வைக்கணும். நாம மேக்க போய் நிப்போம். ஆபத்து மேக்க இருக்குன்னு தெரிஞ்சா அவன் தன் கூட்டத்தக் கெழக்க தள்ளுவான்.”

மூவரும் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்கள். பாயை விரித்து உதறிக்கொண்டு, தோளோடு தோள் சேர்ந்து, ஒரே சுவராக நடந்து வந்தார்கள். கறுப்பன் ஒரு கணம் பார்த்தான். பிறகு கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, காதைப் படியவைத்து, பாம்பு நெளிவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு மந்தையின் பின்னால் பாய்ந்தான். பின்தங்கிய ஒன்றின் பிட்டத்தில் கடித்தான். மந்தை அசைந்தது. செம்பட்டை தண்ணீரில் இறங்கியது. குட்டியைத் தன் விலாவோடு ஒட்டிக்கொண்டு, உமரிப் புதர்கள் தலைகாட்டிய தடத்திலேயே முன்னால் நடந்தது. மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. கடைசியில் கறுப்பன். அவனுக்கும் பின்னால், தொடையளவு தண்ணீரில், மூன்று பேர்.

கரை ஏறியதும் செம்பட்டை நின்று மூக்கை உயர்த்தியது. படலில்லாத வேலிவாயைப் பார்த்தது. நடை ஓட்டமானது.

மனிதர்கள் மூவரும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். செம்பட்டையும் பால் கொடுக்கும் பெட்டைகளும் முதலில் இறங்கின. தலையைத் தூக்காமல் குடித்தன. கறுப்பன் அவை குடித்துக் கரையேறும் வரை சதுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் குடிக்க இறங்கியபோதுதான் செல்லக்கிளி ஓடிப்போய் வேலிக்கு அந்தப் பக்கமிருந்த அண்ணனின் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். பக்கிரிசாமி அண்ணாந்து குடித்தான். பாதியில் நிறுத்திப் பூங்கோதையிடம் நீட்டினான். அவளால் வாங்க முடியவில்லை.

“குடிங்க” என்றான். “ஒண்ணு போச்சு. மத்ததெல்லாம் வந்துருச்சு. ரெண்டும் நெசந்தான்.”

மறுநாள் ரேஞ்சர் அறையில், அவர் பக்கிரிசாமியைக் கேள்வி கேட்கும் முன்பே பூங்கோதை எல்லாவற்றையும் சொன்னாள். படலைச் சொன்னாள். காலை முழுதும் வாய் திறக்காமல் கிழக்கே நடந்ததையும், வாயில் உமரியோடு செத்துக் கிடந்த குட்டியையும் சொன்னாள். மழைக்காலம் வரை அவள் காட்டுக்குள் வரக்கூடாது என்றார் ரேஞ்சர். பக்கிரிசாமியிடம் இனி ஒருத்தரிடம் சாவியோ படலோ ஒப்படைத்தால் சாத்தவும் திறக்கவும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். வேலை போகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு அவள் நின்றிருந்தபோது செல்லக்கிளி வந்தாள். ஈரப் புடவை, இடுப்பில் இறால் போடும் பறி. பனையோலையில் மடித்த ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்தாள். உள்ளே இறால் கருவாடு.

“மழ பெஞ்சதும் வந்துரு. லாட்ஜுல காசக் கொட்டாத. எங்க வீட்ல தங்கிக்க.”

பூங்கோதைக்குக் கண் கலங்கியது.

“ஆனா ஒண்ணு. பொய் சொல்றவங்கள நான் வீட்டுக்குள்ள சேக்குறதில்ல.”

“நான் பொய் சொல்லலியே அக்கா” என்றாள் பூங்கோதை மெல்ல. “சும்மாதான் இருந்தேன்.”

“அதயுந்தான் சொல்றேன்” என்றாள் செல்லக்கிளி.

பஸ் வந்தது. மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சதுப்புப் பக்கம் நடந்தாள்.